போதைப்பொருள் பயன்படுத்துவோர் எடுக்கும் படங்கள்: ஆராய்ச்சிக்கு என்ன கிடைக்கிறது, அவர்களுக்கு என்ன ஆபத்து?

கஞ்சா வழக்கில் நாலு பேர் பிடிபட்டால் மறுநாள் பேப்பரில் எப்படிப் படம் வரும் என்று கடலூர்க்காரர்களுக்கும் புதுச்சேரிக்காரர்களுக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேசைமேல் பொட்டலங்கள், வரிசையாக அடுக்கிய செல்போன்கள், பின்னால் விறைப்பாக நிற்கும் போலீஸார், முன்னால் குத்துக்காலிட்டுத் தலைகுனிந்திருக்கும் பையன்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றபோது வந்தவை வேறு மாதிரியான படங்கள். ஸ்ட்ரெச்சரில் கிடந்தவர்கள், பிணத்தின்மேல் விழுந்து அழுத பெண்கள். புதுச்சேரி ஜிப்மருக்குக் கொண்டுவரப்பட்டவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. குற்றவாளியாகவோ பிணமாகவோதான் போதைக்காரர் படத்துக்குள் வருகிறார். படத்தை எடுப்பவர் எப்போதும் வேறு யாரோ.

இதைத் திருப்பிப் போட்டுப் பார்க்கும் ஓர் ஆய்வுமுறை முப்பது வருஷமாக உலகத்தில் இருக்கிறது. கேமராவை ஆய்வுக்கு உட்படுபவர் கையிலேயே கொடுத்துவிடுவது. அவர் தன் வாழ்க்கையைத் தானே படமெடுத்து வருவார். பிறகு ஆய்வாளரும் அவரும், அவரைப் போன்ற மற்றவர்களும் உட்கார்ந்து அந்தப் படங்களை வைத்துப் பேசுவார்கள். தமிழில் பங்கேற்புப் புகைப்படம் என்கிறார்கள். ஆராய்ச்சி வட்டாரத்தில் போட்டோவாய்ஸ் என்ற பெயர்தான் அதிகம் புழங்குகிறது.

கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் என்ற இருவர் 1990களின் தொடக்கத்தில் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் இதற்கு உருவம் கொடுத்தார்கள். ஃபோர்டு அறக்கட்டளை உதவியோடு நடந்த பெண்கள் நலத் திட்டம் அது. கிராமத்துப் பெண்கள் 62 பேரிடம் கேமரா கொடுக்கப்பட்டது. வயலில் வேலை செய்யும் தாய்மார்களின் குழந்தைகள் கவனிக்க ஆளில்லாமல் கிடப்பது, பிரசவத்துக்குத் தாதி இல்லாதது, பெண் பிள்ளைகள் பள்ளியை விட்டு நிற்பது எல்லாம் அவர்கள் படங்களில் வந்தன. அதிகாரிகள் அவற்றைப் பார்க்க வைக்கப்பட்டார்கள். 1997இல் இருவரும் எழுதிய கட்டுரைதான் இன்றுவரை இந்த முறைக்குக் கையேடு மாதிரி. அடியில் பிரேசில் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரேயின் சிந்தனை இருக்கிறது. எழுத்தறிவு வகுப்பில் படங்களைக் காட்டி, அதில் உள்ள தங்கள் வாழ்க்கையைப் பற்றி மக்களையே பேசவைத்தவர் அவர். வாங் முறையிலும் படத்தைச் சுற்றி ஐந்து கேள்விகள் உண்டு. இதில் என்ன தெரிகிறது, உண்மையில் என்ன நடக்கிறது, நம் வாழ்க்கைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம், இது ஏன் இப்படி இருக்கிறது, இதற்கு என்ன செய்யலாம். முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில் வரும். நாலாவதுக்கு வரும்போது மணிக்கணக்காகும்.

தமிழ்நாட்டுக்கு இந்த எண்ணம் புதிதில்லை. புகைப்படக்காரர் எம். பழனிகுமார் தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் மீனவக் குடும்பத்தினருக்கும் கேமராப் பயிற்சி கொடுத்து, அவர்கள் எடுத்த படங்களை வெளியுலகத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார். போதைப்பொருள் பயன்படுத்துவோர் என்று வரும்போது கனடாவின் வான்கூவர் நல்ல உதாரணம். ஊசி போட்டுக்கொள்பவர்கள் 1998 வாக்கிலேயே தங்களுக்கென்று சங்கம் கட்டிய ஊர் அது. அதன் டவுன்டவுன் ஈஸ்ட்சைடு பகுதியில், பிவட் என்ற சட்ட உதவி அமைப்பு 2003இல் அங்கே வசிக்கும் ஏழைகளுக்கு ஒருமுறை பயன்படுத்தும் ஃபிலிம் கேமராக்களைக் கொடுத்தது. வந்த படங்களில் தேர்ந்தவற்றைக் காலண்டராக அச்சிட்டு, அந்தப் பகுதி ஆட்களே தெருவில் விற்றார்கள். இது ஆராய்ச்சி என்ற பெயரில் நடந்ததில்லை என்றாலும் ஒரு விஷயத்தைக் காட்டியது. ஊசியும் சாக்கடையும்தான் அந்தத் தெருக்களின் அடையாளம் என்று எல்லாரும் நினைத்திருக்க, அங்கே இருப்பவர்கள் நாய்க்குட்டியையும் காதலியையும் நண்பனையும் எடுத்து வந்தார்கள்.

இங்கே நமக்கு எண்ணிக்கைகள் இருக்கின்றன. மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி 10 முதல் 75 வயதுக்குள் சுமார் 16 கோடிப் பேர் மது குடிக்கிறார்கள். கஞ்சா வகைகளைப் பயன்படுத்துவோர் சுமார் 3.1 கோடி, அபின், ஹெராயின் போன்ற ஓபியாய்டு வகைகளைப் பயன்படுத்துவோர் சுமார் 2.26 கோடி, ஊசி வழியே ஏற்றிக்கொள்வோர் சுமார் 8.5 லட்சம். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் போன்றவற்றை முகர்வதில் மட்டும் பெரியவர்களைவிடப் பிள்ளைகளின் விகிதம் அதிகம் என்பதும் அதே ஆய்வில் வந்ததுதான். திட்டம் போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு வேண்டும். ஆனால் கடலூர் கேப்பர் மலைச் சிறையிலிருந்து ஜாமீனில் வந்த ஒருவர் சிகிச்சைக்குப் போகாமல் ஏன் முள்ளோடைக்குப் போகிறார் என்பது இதில் எந்தக் கட்டத்துக்குள்ளும் வராது.

முள்ளோடையைச் சொல்லக் காரணம் இருக்கிறது. கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு 20 சொச்சம் கிலோமீட்டர்தான். நடுவில் ஒரு எல்லைக்கோடு. இந்தப் பக்கம் ஆல்பேட்டை சோதனைச்சாவடி, அந்தப் பக்கம் முள்ளோடையில் வரிசையாக மதுக்கடைகள். சாராயக்கடைக்கு அங்கே லைசென்ஸ் உண்டு, இங்கே சாராயம் என்றாலே வழக்கு. விலையும் அங்கே குறைவு. கஞ்சாவுக்கோ ஹெராயினுக்கோ இந்தக் கோடு பொருட்டில்லை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான். இப்படி ஒரு இடத்தில் ஒருவர் காலையிலிருந்து இரவுவரை எங்கே நிற்கிறார், எங்கே ஒதுங்குகிறார், யாரைப் பார்த்தால் பாதையை மாற்றுகிறார் என்பதைக் கேள்வித்தாள் வைத்துக் கேட்டால் “சும்மா இருப்பேன் சார்” என்ற பதில்தான் வரும்.

படம் எடுத்து வரச் சொன்னால் என்ன வரலாம்? ஓபியாய்டு பழக்கத்துக்கு மாற்று மருந்துச் சிகிச்சையில் இருப்பவரை எடுத்துக்கொள்வோம். அரசுத் திட்டத்தில் புப்ரெனார்ஃபின் மாத்திரையைப் பெரும்பாலும் தினமும் மையத்துக்கு வந்து, பணியாளர் கண்முன்னால் நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்க வேண்டும். கொரோனா காலத்தில்தான் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது பரவலானது. இவர் எடுக்கும் படத்தில் மாத்திரை இருக்காது. பஸ் நிறுத்தம் இருக்கும். காலை எட்டு மணிக்குக் கூலிக்கு ஆள் எடுக்கும் முனை இருக்கும். “இங்க நின்னா வேலை கிடைக்கும், அங்க போனா மாத்திரை கிடைக்கும், ரெண்டும் ஒரே நேரம்” என்று அவர் சொல்வாரானால், சிகிச்சையைப் பாதியில் விடுவது ‘மன உறுதி இல்லாததால்’ என்று கேஸ் ஷீட்டில் எழுதப்படுவதன் மறுபக்கம் தெரிந்துவிடும். இன்னொருவர் மருந்துக்கடைக் கவுன்டரை எடுத்து வரலாம், புது ஊசி கேட்டால் விரட்டுகிறார்கள் என்று சொல்வதற்காக. மூன்றாமவர் மகளின் புத்தகப் பையை எடுத்து வந்து அரைமணி நேரம் ஒன்றும் பேசாமல் இருக்கலாம். இவையெல்லாம் நான் வசதிக்காகக் கட்டிச் சொன்னவை. ஆனால் இந்த மாதிரி ஆய்வுகள் பலவற்றில் போதைப்பொருளைவிட வீடு, வேலை, போலீஸ், ஆஸ்பத்திரி, பிள்ளைகள் என்றுதான் படங்கள் போகின்றன.

இதுவரை எல்லாம் நன்றாகவே இருக்கிறது. என் சந்தேகம் இதற்கு அப்புறம்தான்.

கேமராவை ஆய்வாளர்கள் ஒரு வரம்போலப் பேசுகிறார்கள். மீனவப் பெண் தன் கூடையைப் படம் எடுத்தால் அது படம். போதைப்பொருள் பயன்படுத்துபவர் தன் நாளைப் படம் எடுத்தால் அது தடயமாகவும் ஆகலாம். முன்னே சொன்ன 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவில் விற்பதோ கடத்துவதோ இல்லாமல் வெறுமனே பயன்படுத்துவதே குற்றம். ஹெராயின், கொகெய்ன் போன்றவற்றுக்கு ஓராண்டு வரை கடுங்காவல் அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மற்றவற்றுக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தானாக முன்வந்து சிகிச்சைக்குப் போகிறவருக்கு வழக்கிலிருந்து விலக்குத் தரும் 64ஏ பிரிவும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஆனால் ஆராய்ச்சியில் பங்கெடுப்பது சிகிச்சை ஆகாது.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 94ஆம் பிரிவின்படி, விசாரணைக்குத் தேவை என்றால் ஆவணங்களோடு செல்போன் போன்ற கருவிகளையும் ஒப்படைக்கச் சொல்ல முடியும். வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. கணவன் மனைவிக்குள் பேசியதற்கும் உண்டு. ஆய்வாளரிடம் சொன்னதற்கோ காட்டிய படத்துக்கோ அப்படி எதுவும் கிடையாது. அமெரிக்காவில் ஆராய்ச்சித் தரவை நீதிமன்றம்கூடக் கேட்டு வாங்க முடியாதபடி காக்கும் ரகசியச் சான்றிதழ் ஏற்பாடு இருக்கிறது. அதை மனதில் வைத்து எழுதப்பட்ட நெறிமுறைப் படிவத்தைத் தமிழில் பெயர்த்து, “உங்கள் விவரங்கள் முழு ரகசியமாக வைக்கப்படும்” என்று இங்கே ஒருவரிடம் கையெழுத்து வாங்குவது பொய் சொல்வதற்குச் சமம். சொல்ல வேண்டியது வேறு: “எங்களால் முடிந்தவரை காப்போம். போலீஸ் எழுதிக் கேட்டால் மறுக்கும் அதிகாரம் எங்களுக்கு இல்லை. அதனால் எங்களிடம் வரக்கூடாத படத்தை எடுக்கவே வேண்டாம்.”

அப்படியானால் எதை எடுப்பது? இந்த முறையில் அனுபவப்பட்டவர்கள் முதல் சில அமர்வுகளில் கேமராவையே கொடுப்பதில்லை. முகம் இல்லாமல் எப்படி எடுப்பது, நிழலை, கையை, பொருளை, காலியான இடத்தை வைத்து எப்படிச் சொல்வது என்பதைத்தான் முதலில் பழக்குகிறார்கள். அதிலும் நம்மூருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. கடலூர் முதுநகர் மாதிரி ஒரு இடத்தில் ஆளைக் கண்டுபிடிக்க முகம் தேவையே இல்லை. முதுகைப் பார்த்தே இன்னார் மகன் என்று சொல்லிவிடுவார்கள். கையில் குத்திய பச்சை, வண்டி நம்பர், கட்சிக் கொடி வரைந்த சுவர், ஒரு குறிப்பிட்ட படித்துறை என்று எதிலாவது மாட்டிக்கொள்வோம். முகத்தை மறைத்துவிட்டதால் பாதுகாப்பு என்று நகரத்து ஆய்வாளர் நினைப்பது இங்கே செல்லாது. ஒவ்வொரு படத்தையும் அந்தத் தெருக்காரர் ஒருவரே பார்த்து, “இது யாருன்னு தெரியுதா?” என்று சோதித்தால் ஒழிய தெரியாது.

செல்போனில் இன்னொரு ஓட்டை. படத்துக்குள்ளேயே எடுத்த நேரமும், லொக்கேஷன் ஆனில் இருந்தால் எடுத்த இடமும் பதிவாகிவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அந்த விவரங்கள் உதிர்ந்துவிடுகின்றன. டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும். பேக்கப் ஆனில் இருந்தால் கூகுள் போட்டோஸ் படங்களைத் தானாகவே இணையத்தில் ஏற்றிக்கொள்ளும். அப்புறம் அந்தப் போன். கையில் காசில்லாத நாளில் முதலில் அடகுக்குப் போவது அதுதான். வீட்டில் தம்பி, மனைவி, மச்சான் என்று நாலு பேர் கைமாறும் பொருளும் அதுதான். சொந்தப் போனில் எடுக்கச் சொல்லாமல் இணைய வசதி இல்லாத சின்ன டிஜிட்டல் கேமராவைக் கொடுத்து, ஒவ்வொரு சந்திப்பிலும் படங்களை இறக்கிக்கொண்டு மெமரி கார்டைக் காலி செய்து திருப்பித் தருவது பழைய ஏற்பாடுதான், ஆனாலும் மேல். அந்தக் கேமராவை விற்றுவிட்டால்? விற்றுவிட்டுப் போகட்டும். அந்தச் செலவைத் திட்டத்தில் முன்கூட்டியே எழுதிவைக்காமல், பிற்பாடு அவரைத் திருடன் என்று சொல்வதுதான் அசிங்கம்.

படத்துக்குள் அகப்படும் மூன்றாம் நபர்களைப் பற்றி வாங், அமெரிக்காவின் ஃபிளின்ட் நகர அனுபவத்தை வைத்து இன்னொருவருடன் சேர்ந்து 2001இல் தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். ஒருவரின் அந்தரங்கத்துக்குள் நுழைவது, சங்கடமான விஷயத்தை வெளிப்படுத்துவது, ஆளைத் தவறான வெளிச்சத்தில் காட்டுவது, அவர் உருவத்தை வியாபாரத்துக்குப் பயன்படுத்துவது என்று நாலு வகைத் தீங்குகளைச் சொல்கிறார். மூன்றாவதைத்தான் இங்கே அதிகம் அஞ்ச வேண்டும். மீன் விற்றுவிட்டு ஒரு திண்ணையில் அசந்து உட்கார்ந்த அம்மா, ‘கஞ்சா புழங்கும் இடங்கள்’ என்ற தலைப்பின் கீழ் கண்காட்சியில் தொங்கினால் என்ன ஆகும்? பிள்ளைகள் என்றால் சட்டமே நேரடியாகக் குறுக்கே நிற்கிறது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவில், பாதுகாப்பு தேவைப்படும் அல்லது வழக்கில் சிக்கிய பிள்ளையை அடையாளம் காட்டும் படத்தை வெளியிடத் தடை செய்கிறது. சிகிச்சையில் இருப்பவர்களுக்கு 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உண்டு. மது, போதைப்பொருள் தொடர்பான மனநிலைகளும் அந்தச் சட்டத்தில் மனநோய் என்பதற்குள் வருகின்றன. மனநல நிலையத்தில் சிகிச்சை பெறுபவரின் புகைப்படத்தை அவர் ஒப்புதல் இல்லாமல் ஊடகத்துக்குக் கொடுக்கக் கூடாது என்று 24ஆம் பிரிவு சொல்கிறது. மறுவாழ்வு மையத்துக்கு வரும் சிறப்பு விருந்தினரோடு எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து குரூப் போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் போடுகிறவர்கள் இந்த வரியை ஒருமுறை படிக்கலாம்.

முகத்தை மறை, மறை என்று சொல்லிக்கொண்டே போகிறோம். சம்பந்தப்பட்டவர்களில் பலர் கேட்பது நேர் எதிரானது. “என் மூஞ்சி தெரியட்டும் சார், நான் என்ன கொலையா பண்ணேன்?” புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து பழைய தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் திரட்டிக் காக்கும் பணி நடந்திருக்கிறது. வரைந்த திரைச்சீலை, வளைந்த கால் நாற்காலி, இருப்பதிலேயே நல்ல புடவை, விறைத்த முதுகு. நம் ஆட்களுக்குப் படம் என்றால் அதுதான்: நான் மரியாதையாக இருந்தேன் என்பதற்கு ஒரு சாட்சி. போலீஸ் எடுத்த படம் மட்டுமே தன் பெயரில் இருக்கும் ஒருவருக்கு, சட்டை இஸ்திரி போட்டு எடுத்த படம் ஒன்று வேண்டும் என்று ஆசை வருவதில் என்ன தவறு? அதையும் கொண்டுபோய் மங்கலாக்கினால் அவரை மறுபடி ஆளில்லாதவராக ஆக்குகிறோம். என் அபிப்பிராயம், அந்தப் படத்தை எடுத்து, பிரின்ட் போட்டு, ஃபிரேம் செய்து அவரிடமே கொடுத்துவிட வேண்டும். ஆய்வுத் தரவில் சேர்க்கக் கூடாது. வெளியிடச் சொல்லி அவர் வற்புறுத்தினால் ஆறு மாதம் கழித்து மறுபடி கேட்கலாம். அதற்குள் அவருக்கு வேலை கிடைத்திருக்கலாம், பெண் பார்க்கப் போயிருக்கலாம்.

ஒப்புதல் என்பதே இந்த இடத்தில் ஒருமுறை வாங்கும் கையெழுத்தாக இருக்க முடியாது. மருந்து கிடைக்காமல் உடம்பு முறுக்கி எடுக்கும் நேரத்தில் ஒருவர் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவார். போதையின் உச்சியிலும் போடுவார். கேமரா கொடுக்கும்போது ஒன்று, படங்களைப் பார்த்துப் பேசும்போது படத்துக்குப் படம் ஒன்று, வெளியே காட்டுவதற்கு முன் இன்னொன்று என்று வாங்க வேண்டும். எந்தக் கட்டத்திலும் “அதை அழிச்சிடுங்க” என்றால் காரணம் கேட்காமல் அழிக்க வேண்டும். எழுத வேண்டிய அறிக்கைக்காகவோ பட்டத்துக்காகவோ அந்தப் படம் எவ்வளவு முக்கியமாக இருந்தாலும் சரி. பணமும் அப்படித்தான். “ரொக்கமாகக் கொடுத்தால் குடித்துவிடுவார்” என்று கூப்பனும் டிபன் பாக்ஸும் கொடுக்கும் பழக்கம் உண்டு. மூன்று மணி நேரம் உட்காரவைத்துப் பேசியதற்கு ஆய்வு உதவியாளருக்குச் சம்பளம் ரொக்கமாகப் போகிறது. அவர் அதை என்ன செய்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. கூலி நாள் ஒன்று போனால் என்ன கிடைத்திருக்குமோ அதைக் கையில் கொடுப்பதே நியாயம். ஆபத்தான படத்தை எடுக்கத் தூண்டும் அளவுக்குப் பெரிய தொகையாக மட்டும் இருக்கக் கூடாது.

பெண்களுக்கு வந்தால் கணக்கு முழுக்க மாறுகிறது. குடிக்கிற, மாத்திரை போடுகிற பெண்கள் நம் பக்கத்தில் இல்லவே இல்லை என்பதுபோல எல்லாரும் நடந்துகொள்கிறோம். அப்படி ஒரு பெண் திடீரென்று கேமராவோடு வீட்டுக்குப் போனால் முதல் கேள்வி “யார் கொடுத்தது?” என்பதாகத்தான் இருக்கும். அதற்கு அவர் சொல்லும் பதிலில் அடி விழலாம். அவருக்குக் கேமரா வேண்டாம். பேசினால் போதும், அல்லது ஒரு காகிதத்தில் வரைந்தால் போதும். சாதியும் இங்கே கேமராவோடு கூடவே நடக்கும். காலனிப் பையன் தன் தெருவில் எதையாவது படம் எடுத்தால் சிரிப்பார்கள். அதே கேமராவோடு ஊர்த்தெருவுக்குள் போய் நின்றால் நிலைமை வேறு. யாரைப் பார்த்து எடுத்தாய், எந்த வீட்டை எடுத்தாய் என்று ஆரம்பித்து எங்கே முடியும் என்று இந்த மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். போதைப்பொருள் பற்றிய ஆய்வுக்கு இது சம்பந்தமில்லாத விஷயம் என்று ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு நினைக்கலாம். படம் எடுக்கப் போகிறவருக்கு இதுதான் முதல் விஷயம்.

இதனால்தான் எடுத்து வந்த படங்களைவிட எடுக்காமல் விட்டவற்றைப் பற்றிக் கேட்பது சில சமயம் கூடுதலாகத் தருகிறது. “எதை எடுக்கணும்னு நினைச்சு எடுக்காம வந்தீங்க?” என்ற கேள்வி அந்த ஐந்து கேள்விகளில் இல்லை. சேர்க்க வேண்டும். ஸ்டேஷன் வாசலை எடுக்கவில்லை, பயம். அம்மாவை எடுக்கவில்லை, வெட்கம். வாங்கும் இடத்தை எடுக்கவில்லை, அவன் சும்மா விடமாட்டான். இந்தப் பதில்களில் யாருடைய முகமும் இல்லை, கைப்பற்ற எந்தக் கருவியும் இல்லை, ஆனால் ஒருவரின் நாள் எந்தெந்த வேலிகளுக்குள் நடக்கிறது என்பது இருக்கிறது. படம் என்பது பேச்சைத் தொடங்கிவைக்கும் சாக்கு. ஆய்வாளருக்கு வேண்டிய தரவு பேச்சுதான். ஒப்புதலோடு பேச்சை எழுதி வைத்துக்கொண்டு படத்தை அழித்துவிட்டாலும் ஆய்வு நிற்கும் என்றால், பல படங்களை அழித்துவிடுவதே நல்லது.

கடைசியில் யாருக்குக் காட்டுவது என்ற பிரச்சினை. யுன்னானில் அந்த முறை மதிக்கப்பட்டதற்குக் காரணம் படங்கள் அழகாக இருந்தது இல்லை. முடிவெடுக்கும் இடத்தில் இருந்தவர்கள் தொடக்கத்திலிருந்தே பார்வையாளர்களாகச் சேர்க்கப்பட்டிருந்தார்கள். இங்கே இந்த மாதிரி ஆய்வு நடந்தால் புதுச்சேரியின் பிரெஞ்சுத் தெருக்களில் ஏதாவது ஒரு கேலரியில் கண்காட்சி வைக்கத்தான் ஆசை வரும். வெள்ளைச் சுவர், மஞ்சள் விளக்கு, ஒயின் கோப்பையோடு வரும் கூட்டம். படம் எடுத்தவர் அந்த வாசலில் செக்யூரிட்டியைத் தாண்டுவாரா என்பதே சந்தேகம். அதைவிட, மூடிய அறையில் பத்துப் பேர் போதும். மாற்று மருந்து மையத்தின் நேரத்தைத் தீர்மானிக்கும் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்க அதிகாரி, அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு மருத்துவர், சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீல், மருந்துக்கடைக்காரர் சங்கத்திலிருந்து ஒருவர். போலீஸை அழைக்கலாமா என்பதைப் படம் எடுத்தவர்களே கூடி முடிவு செய்யட்டும். வேண்டாம் என்றால் வேண்டாம். அந்தக் கூட்டத்தில் மருந்து கொடுக்கும் நேரத்தைக் காலை எட்டிலிருந்து மாலை ஆறுக்கு மாற்ற முடியுமா என்ற ஒரே கேள்விக்கு மட்டும் எழுத்தில் பதில் வாங்கி, அந்தப் பதில் ‘முடியாது’ என்றாலும், பஸ் நிறுத்தத்தைப் படம் எடுத்தவரிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்ட வேண்டும்.